தண்ணீருக்குக் கை தூக்கினேன்

போன வாரம் நான் தண்ணீருக்கு ஆதரவாகக் கை தூக்கினேன்.

சிரிக்காதீர்கள். எங்கள் ஊர் கிராம சபையில் நடந்தது இது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்பக்கம் எங்கள் ஊர். சில மாதங்களாகத் தெருக்குழாயில் வருகிற போர்வெல் தண்ணீர் லேசான மஞ்சள். பக்கெட்டில் பிடித்து வைத்தால் மேலே எண்ணெய் மாதிரி ஒரு பளபளப்பு. என் மகனுக்கு ஒன்றரை வயது. குளிக்க உட்கார வைத்தால், மக்கில் வாய் வைத்துக் குடித்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பான். ஆபத்தா? இல்லை, நானாகப் பயப்படுகிறேனா? பயப்படுவதில் எனக்கு அனுபவம் அதிகம் — வீட்டுக்காரரைக் கேட்டால் விவரமாகச் சொல்வார்.

முறைப்படி மனு கொடுத்தேன். யாரோ வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்கள். அதன்பின் சத்தமே இல்லை. ஊராட்சி செயலருக்கு போன் செய்தேன்.

"ரிப்போர்ட் வந்துடுச்சும்மா. மக்கள் பார்வைக்கு வெப்சைட்ல போட்டாச்சு."

போட்டிருந்தார்கள். ஆங்கிலத்தில். அதையும் பக்கவாட்டில் ஸ்கேன் செய்து. நான் போனைத் திருப்பினால் ரிப்போர்ட்டும் கூடவே திரும்பிக்கொண்டது. கடைசியில் போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, பாயில் ஒருக்களித்துப் படுத்துப் படித்தேன். ஏதோ விளையாட்டு என்று மகன் என் மேல் ஏறி உட்கார்ந்தான். டர்பிடிட்டி, ஹார்ட்னஸ், குளோரைடு... எதிரே எண்கள். நான் பி.காம். எது ஏறினால் லாபம், எது ஏறினால் நஷ்டம் என்றே புரியவில்லை.

மறுபடி போன். "குடிக்கலாமா கூடாதா சார், அதை மட்டும் சொல்லுங்களேன்."

"தண்ணீர் தினத்துக்கு கிராம சபை இருக்குதும்மா. முழுசா படிக்கிறோம், வாங்க."

போனேன். இடுப்பில் மகன், பக்கத்தில் எதிர்வீட்டு பரிமளா அக்கா. ஸ்கூல் மைதானத்தில் ஷாமியானா. மேடை மேஜையில் வரிசையாக சீல் பிரிக்காத வாட்டர் பாட்டில்கள். செயலர் மைக் பிடித்தார். சொன்னபடி முழுசாகத்தான் படித்தார் — ஆங்கிலத்திலேயே. 'மில்லிகிராம் பர் லிட்டர்' வரும்போதெல்லாம் குரல் உச்சத்துக்குப் போனது.

பரிமளா அக்கா எழுந்தார். "இன்னா சார், மந்திரம் கணக்கா சொல்லிக்கினே போற? தண்ணி நல்லாக்குதா இல்லியா? அத்த சொல்லு."

"குறுக்க பேசாதக்கா. தீர்மானம் போயிக்கினு இருக்குது," என்று முன்வரிசையிலிருந்து ஒருவர் அதட்டினார்.

தீர்மானமா? ஆமாம். எங்கள் கிராம சபையில் எதை வாசித்தாலும் அடுத்தது தீர்மானம்தான். ரோடு, விளக்கு, வரவு செலவு, இப்போது தண்ணீர். செயலர் மைக்கில் அறிவித்தார்: "மேற்படி அறிக்கைய ஏத்துக்கிறவங்க கை தூக்குங்க!"

சரியாக அந்த நேரத்தில் சுண்டல் பொட்டலம் வந்தது. சுண்டலுக்கு நீண்ட கை, தீர்மானத்துக்கு நீண்ட கை... யார் பிரித்துப் பார்ப்பது? நானும் தூக்கினேன். முதல் பெஞ்ச் பழக்கம் — 'கை தூக்குங்க' என்றால் தானாகப் போய்விடும். என்னைப் பார்த்து மகனும் தூக்கினான்.

"ஏகமனதாக நிறைவேறியது!" கைதட்டல்.

தண்ணீர் பாஸ். அதில் கிருமி இருந்தால், அதற்கும் எங்கள் ஊரின் முழு ஆதரவு உண்டு.

எனக்கு ஒரு சந்தேகம். அரசாங்கத்துக்குத் தமிழ் தெரியாதா? வரி பாக்கிக்கு வருகிற நோட்டீஸைப் பாருங்கள். 'கட்டத் தவறினால் குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படும்.' என்ன தெளிவு, என்ன சுருக்கம்! அதை எழுதுகிறவரை ஒரே ஒரு நாள் தண்ணீர் ரிப்போர்ட் பக்கம் அனுப்பக் கூடாதா? 'மக்கள் பார்வைக்கு' என்றால் மக்கள் பார்க்கலாம், அவ்வளவுதான். புரியும் என்று யார் சொன்னது?

கூட்டம் கலைந்தது. மைக்செட்காரர் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பரிமளா அக்கா வாசல் குழாயில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக்கொண்டு செயலரிடம் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

"அவ்ளோ நேரம் படிச்சிக்கினு இருந்த, தொண்ட காஞ்சிருக்கும். இந்தா சார், பாஸான தண்ணி."

"வேணாங்க்கா... எனக்கு சளி."

"கொளுத்துற வெயில்ல சளியா? பேஜாரா போச்சே உன்கூட!"

அதற்குள் என் இடுப்பிலிருந்து எக்கி, மகன் டம்ளரைப் பிடித்துவிட்டான். வாய்க்குக் கொண்டுபோனான். நான் தடுப்பதற்குள் செயலரின் கை முந்தியது. வெடுக்கென்று பிடுங்கித் தரையில் ஊற்றினார்.

அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "கொழந்தைக்கு வேணாம்மா. கேன் தண்ணியே குடுங்க. குளிப்பாட்டும்போதும் வாய்ல போவாம பாத்துக்கோங்க."

இவ்வளவுதான். முழு ரிப்போர்ட்டும், தமிழில். மைக் இல்லாமல்.

"இதை மைக்லயே சொல்லியிருக்கலாமே சார்?"

"அப்படிச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லம்மா."

நன்றி சொல்லிவிட்டு வந்தேன். பாதி வழியில்தான் உறைத்தது — எதற்கு நன்றி சொன்னேன்? எங்கள் தெருவில் இன்னும் எத்தனை குழந்தைகள் மக்கில் வாய் வைக்கின்றன?

வீட்டுக்கு வந்ததும் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன்: 'குழாய்த் தண்ணீரைக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள்.'

உடனே பதில் வந்தது. 'ஏகமனதா பாஸ் ஆச்சே? நீயும்தானே கை தூக்குன? ஆதாரம் இருக்கா?'

இருக்கிறதே! ரிப்போர்ட் லிங்க்கை அனுப்பினேன். கீழே ஒரு வரி சேர்த்தேன்: 'ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு படிக்கவும்.'