ஜாமீன் கேட்காத நூலகம்

ஊரில் இருப்பவர்கள் இதை நம்பமாட்டார்கள். ஜெர்மனிக்கு வந்த முதல் வாரம் பல்கலைக்கழக நூலகத்தில் ஏழு புத்தகங்களை எடுத்து ஓர் இயந்திரத்தின் மேல் வைத்தேன். அது பீப் என்றது. அவ்வளவுதான், வீட்டுக்குக் கொண்டுபோகலாம். எனக்கோ திருடிக்கொண்டு போவதுபோல இருந்தது. யாராவது கூப்பிடுவார்கள் என்று வாசலைத் தாண்டியும் இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன்.

நான் பழகியது ராஜபாளையத்து முறை. கல்லூரி நாளில் ஊர் நூலகத்தில் சேரப் போனபோது, புத்தகம் தொலைந்தால் பொறுப்பேற்க ஓர் ஆள் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அப்பா மில்லில் ஷிப்டில் இருந்தார். எதிரே இரும்புச் சாமான் கடை வைத்திருந்த காதர் மாமா, படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து நான் எடுத்த புத்தகமெல்லாம் அவர் தலைச்சுமையாகிவிட்டது. ஆணி நிறுத்துக்கொண்டிருக்கும்போதே, "ஏலே, அந்தப் புஸ்தகத்தைக் குடுத்துட்டியா?" என்று கடைத்தெருவுக்கே கேட்கும்படி கேட்பார். ஒருநாள் வகுப்புப் பெண்களோடு போகையிலும் கேட்டார். பாதிதான் படித்திருந்தேன், அன்றைக்கே திருப்பிக் கொடுத்தேன்.

இங்கே என் ஆய்வு கண்மாய்களைப் பற்றியது. ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரக் கண்மாய்களைப் பற்றிய ஒரு பழைய அறிக்கை இல்லாமல் மூன்றாம் அத்தியாயம் நகராது. பேராசிரியரோ மாதக் கடைசிவரைதான் தவணை கொடுத்திருந்தார். வேற்றூர் நூலகத்துப் புத்தகத்தை நம் நூலகமே வரவழைத்துத் தரும் ஏற்பாட்டுக்கு இங்கே ஃபெர்ன்லைஹே என்று பெயர். விண்ணப்பித்தேன். பிரதி மிகப் பழையது, அனுப்ப முடியாது, நேரில் வந்து படிக்கலாம் என்று பதில் வந்தது. மம்சாபுரம் பஸ்ஸில் ஏறினால் ஜன்னல் வழியாகவே தெரியும் கண்மாயைப் பற்றிப் படிக்க, இரண்டு மணி நேரம் ரயிலில் போக வேண்டியதாயிற்று.

முன்பின் தெரியாத நூலகம் சும்மா உள்ளே விடுமா? பேராசிரியர் கடிதம், ஆறு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, எல்லாச் சான்றிதழுக்கும் ஜெராக்ஸ், ஒவ்வொன்றின் அடியிலும் நானே போட்ட அட்டெஸ்ட் கையெழுத்து என்று ஒரு ஃபைல் தயார் செய்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று அறைத்தோழன் யோனாஸையும் ஜாமீனுக்குக் கூட்டிப்போனேன். மண்ணின் மைந்தன் கையெழுத்துக்கு மதிப்பு இருக்குமல்லவா?

மேசையில் இருந்த அம்மையார் ஃபைலைத் தாள் தாளாகப் புரட்டினார். இதையெல்லாம் எங்கள் ஆவணக் காப்பகத்துக்குக் கொடுக்க வந்தீர்களா என்று பரிவோடு கேட்டார். இல்லை, நான் இன்னார் என்பதற்கு அத்தாட்சி என்றேன். அப்படியானால் இவர் யார் என்று யோனாஸைக் காட்டிக் கேட்டார். எனக்கு இவர் பொறுப்பு என்று என் ஜெர்மனில் சொன்னேன். நோயாளியும் துணையாளும் என்று நினைத்தாரோ என்னவோ, உடனே எழுந்துவந்து என்னை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, அடிக்கடி மயக்கம் வருமா என்று யோனாஸிடம் விசாரித்தார்.

அவன் விளக்கிய பிறகு, பாஸ்போர்ட்டை மட்டும் பார்த்துவிட்டு இரண்டே நிமிடத்தில் அட்டை கொடுத்தார். தன்னைக் கையெழுத்துப் போட விடவில்லை என்று யோனாஸுக்குத்தான் மனக்குறை. அறிக்கை வந்தது. அதில் மம்சாபுரம் என்ற பெயரைக் கண்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சளி பிடித்தவன்போல மூக்கைத் துடைத்துக்கொண்டேன். மாலைக்குள் வேண்டியதை எழுதி எடுத்தேன். அத்தியாயம் பிழைத்தது.

சனிக்கிழமை காதர் மாமாவுக்குப் போன் போட்டு இந்தக் கூத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தவர், சட்டென்று நிறுத்தினார்.

"அப்பம் ஒனக்கு அங்க யாருதாம்லே கையெழுத்துப் போட்டா?"

யாரும் கேட்கவில்லை என்றேன்.

"புஸ்தகம் தொலைஞ்சா யாரைப் புடிப்பாக?"

"என்னையத்தான் மாமா."

போனில் தராசுத் தட்டில் ஆணி விழும் சத்தம் கேட்டது.

"சரி, நீ தொலைஞ்சா யாருகிட்டலே கேப்பாக?"

மறுநாள் என் நூலக அட்டையின் பின்பக்கத்தில் அவர் பெயரையும் கடை போன் நம்பரையும் எழுதிவைத்தேன். இயந்திரம் முன்பக்கத்தை மட்டும் படித்துவிட்டு பீப் என்கிறது.