பாண்டிமுருகன் அழித்த எண்

காரைக்குடியில் டிங்கர் பாண்டிமுருகனிடம் வண்டியை விடுகிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அவர் தப்பே செய்ய மாட்டார். பெயிண்ட் உரிந்தால் வெயில் காரணம். கதவு இழுத்தால் அதைச் சாத்தியவன் காரணம். முப்பத்தெட்டு வருடமாக இப்படியே சமாளித்துவிட்டார். வேலை சுத்தம் என்பதால் யாரும் அவரிடம் மல்லுக்கு நிற்பதில்லை. நானும் வாயை மூடிக்கொண்டுதான் போன தை மாதம் எங்கள் அப்பச்சியின், அதாவது அப்பாவின், வேனை அவர் பட்டறையில் விட்டேன்.

அது ஸ்டாண்டர்டு 20. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பெயரே தெரியாது. வடிவம் இங்கிலாந்துக்காரனுடையது, செய்தது நம் மதராஸில், தாம்பரம் தாண்டி இருந்த தொழிற்சாலையில். சப்பை மூக்கு. என்ஜின் இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருக்கும். மத்தியானம் ஓட்டினால் கால் வெந்துவிடும். எண்பதுகளின் கடைசியில் தொழிற்சாலையையே மூடிவிட்டார்கள். பிறகு உதிரி பாகம் கேட்டால் கடைக்காரர்கள் சிரித்தார்கள். எழுபத்து மூன்றில் வாங்கி, புதுவயல் மில்லிலிருந்து அரிசி ஏற்றிய வண்டி, முப்பது வருடம் எங்கள் வீட்டு ஷெட்டில் சும்மா நின்றது.

பாண்டிமுருகன் அமராவதிபுதூர் விவசாயக் குடும்பம். எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டுச் சுத்தியலைப் பிடித்தவர். முதல் நாள் வேனை மூன்று சுற்றுச் சுற்றி, விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.

"மெட்ராஸ் தகடுண்ணே. இப்ப வர்றதெல்லாம் டப்பா" என்றார்.

ஏழு மாதம் அதோடு மல்லாடினார். இற்றுப்போன தரையை வெட்டி எடுத்துப் புதிதாக அடித்தார். பின்கதவின் கீழ்விளிம்பை மூன்று முறை செய்து, மூன்றையும் தூக்கிப் போட்டு, நான்காவதைத்தான் பொருத்தினார். நான் அவசரக்காரன், பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கிரீமும் வெளிர் நீலமுமாக வண்டி வெளியே வந்த அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பாக்கி இருந்தது பதிவைப் புதுப்பிப்பதுதான். வண்டியின் இரும்புச் சட்டத்தில் பொறித்திருக்கும் சேசிஸ் எண்ணின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் காகிதத்தில் விழும், அது ஆர்.சி. புத்தகத்தில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். நான் டார்ச் அடித்துப் பார்த்தேன். எண் இருக்க வேண்டிய இடம் மொழுமொழுவென்று இருந்தது.

நடந்தது இதுதான். எங்கள் பழைய டிரைவர் முத்துக்கருப்பனுக்கு ஒரு வழக்கம். ஆயுத பூஜைக்கு எல்லாரும் முன்கண்ணாடியில் பொட்டு வைத்தால், அவர் சேசிஸ் எண்ணுக்குத்தான் சந்தனம் குங்குமம் வைப்பார். "அதுதேன் வண்டிக்குப் பேரு" என்பார். இருபது வருடச் சந்தனமும் கிரீஸும் சேர்ந்து கல்லாக இறுகிவிட்டன. பாண்டிமுருகன் அதைத் துருக்கட்டி என்று நினைத்து கிரைண்டரை வைத்துவிட்டார். கட்டியோடு எண்ணும் போய்விட்டது.

வண்டி வந்ததே அப்படித்தான் என்பார் என்று சண்டைக்குத் தயாராகத்தான் கேட்டேன். அவர் குனிந்து அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"நாந்தேண்ணே அழிச்சிட்டேன்" என்றார்.

எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. "எண் அடிக்கிற பஞ்ச் உன் டிராயர்லயே இருக்கு. புத்தகத்தைப் பார்த்து அடிச்சிரு. யாருக்குத் தெரியப் போகுது?" என்றேன். முப்பத்து நாலு வருடம் பாங்கில் வேலை பார்த்தவன் சொன்ன யோசனை இது. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

"வேணாம்ணே. திருட்டு வண்டிக்குத்தேன் அப்படி அடிப்பாய்ங்க. புடிச்சா வண்டியவே தூக்கிட்டுப் போயிருவாக. ஆபீசுக்குப் போவோம், நானே சொல்லிர்றேன்."

சிவகங்கை ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். மோட்டார் வாகன ஆய்வாளர் அனுசுயா நாற்காலியைக் காட்டியும் உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மா பழைய புத்தகத்தையும் என்ஜின் எண்ணையும் சரிபார்த்துவிட்டு, நடந்ததை எழுதிக் கொடுத்தால் அதே எண்ணை மறுபடி அடிக்க அனுமதி கேட்கலாம் என்றார்.

எழுதியது நான். அவரைக் காப்பாற்றுகிற நினைப்பில், 'பழுதுபார்க்கும்போது எண் தேய்ந்துவிட்டது' என்று நாசூக்காக எழுதினேன். அவர் விரலை வைத்து நிதானமாக வாசித்தார்.

"யாரு தேச்சான்னு எழுதாம விட்டிருக்கீகளேண்ணே. பேரைப் போடுங்க."

போட்டேன். 'டிங்கர் பாண்டிமுருகன் கவனக்குறைவால் அழித்துவிட்டார்.' கையெழுத்துப் போட்டார். பதினோராம் நாள் அனுமதி வந்தது. ஆய்வாளர் பக்கத்தில் நிற்க, ஒவ்வொரு எண்ணாகப் பாண்டிமுருகனே அடித்தார். வண்டிக்குப் பதிவும் கிடைத்தது.

திரும்பும் வழியில் மனசு கேட்காமல் சொன்னேன்: "எத்தனையோ வண்டி செஞ்சிருக்க. எந்தக் காகிதத்துலயும் உன் பேரு இல்லை. இந்த லெட்டர்லதான் ஏறுச்சு, அதுவும் அழிச்சவன்னு."

வேனை ஓட்டிக்கொண்டிருந்த அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இருக்கட்டும்ணே. அதுல ஒரு செராக்ஸ் மட்டும் எனக்கு எடுத்துக் குடுங்க" என்றார்.