சோதனைச்சாவடிக்கு றிஸ்வான் வந்தான்

இன்று காலை கந்தளாய்ச் சோதனைச்சாவடியில் என்னை மட்டும் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். என் அடையாள அட்டையில் புலிகளின் கட்டுப்பாட்டில் உள்ள இலங்கைத்துறை விலாசம்; அதுதான் சந்தேகம்.

பஸ் போய்விட்டது.

“இங்க உன்னைத் தெரிஞ்ச ஆள் இருக்கா?” என்று ஆமிக்காரர் கேட்டார்.

கல்லூரியில் என்னோடு படித்த றிஸ்வான் கந்தளாயில் ஆசிரியர். பதினொரு வருடமாகப் பார்க்கவில்லை. பெருநாளுக்கும் பொங்கலுக்கும் போனில் கதைப்போம், அவ்வளவுதான். அவனுக்குப் போன் எடுத்தேன்.

“மச்சான், அங்கேயே நில்லு. வாறன்.”

பாடத்தைப் பாதியில் விட்டு மோட்டார் சைக்கிளில் வந்தான். சிங்களத்தில் பேசி, எனக்குப் பொறுப்பென்று கையெழுத்திட்டான். என்னை விட்டார்கள்.

“உனக்குப் பயமில்லையாடா?”

“பயந்தான். நான் வராட்டி ஆர் வாறது?”

நாளை இதே வழியால்தான் திரும்ப வேண்டும்.

வருடத்துக்கு இரண்டு போன் எடுத்துத் தப்பியவன் நான். நீங்கள் உங்கள் கூட்டாளிக்குக் கடைசியாக எப்போது எடுத்தீர்கள்?