சந்துக்கே அம்மாதான் ப்ரூஃப்

திருவொற்றியூரில் கடலோரத்துக் குடிசைகளைக் கடல் தின்றுகொண்டே வந்த காலம் அது. கல் கொட்டிய பிறகும் ஓயவில்லை. வீடு போனவர்கள் உள்ளே தள்ளி வந்து எங்கள் சந்தில் ஒண்டிக்கொண்டார்கள். அவர்களிடம் கதவு எண் இல்லை, ரேஷன் கார்டு இல்லை. இருந்த ஒன்றிரண்டு காகிதங்களையும் சுனாமி வாரிக்கொண்டு போயிருந்தது. அப்பா கம்பெனியில் லோன் போட்டுக் கட்டிய எங்கள் வீட்டில் மட்டும்தான் கதவுக்கு மேல் எண் எழுதியிருந்தது. அதனால் சந்துக்கே விலாசம் என் அம்மாதான்.

செல்போன் மலிவாகி ஆளாளுக்கு வாங்கத் தொடங்கியதும், "அக்கா, ஒரு ப்ரூஃப் குடுக்கா" என்று வாசலில் வந்து நிற்பார்கள். கறிவேப்பிலை கேட்பது மாதிரிக் கேட்பார்கள். அம்மாவும் அப்படித்தான் கொடுப்பாள். வாக்காளர் அட்டையின் ஜெராக்ஸ் டிவிக்குப் பின்னால் கத்தையாக இருக்கும். ஸ்டுடியோவில் பவுடர் அப்பிக்கொண்டு போய் எடுத்த போட்டோக்களும் கூடவே இருக்கும். சில சமயம் தேரடிப் பக்கத்துச் செல்கடைக்குத் தானே கூடப் போய்க் கைநாட்டு வைத்துவிட்டு வருவாள். கடைக்காரன் "வாங்கம்மா" என்று ஸ்டூல் போட்டுக் கலர் சோடா வாங்கித் தருவான். அதில் அம்மாவுக்கு ஏக சந்தோஷம்.

நான் அப்போது ஐகோர்ட்டுக்கு எதிரே ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். நாளெல்லாம் ஊரார் செய்த மோசடிகளை அடித்துவிட்டு வருகிறவளுக்கு வீட்டில் இதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வராதா? கத்துவேன்.

"பேரு இன்னா சோப்பாடி, நாலு பேரு போட்டா தேஞ்சி பூட?" என்பாள் அம்மா, நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டே.

ஒரு நாள் காலை சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். யாரோ ஒருவன் போனில் பேசி, ஹார்பரில் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிப் பல பேரிடம் முன்பணம் கறந்திருந்தான். அவன் பேசிய நம்பர் அம்மாவின் பெயரில் இருந்தது. அம்மா அவருக்கு டீ போட்டுக் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு, "இன்னும் ஏகப்பட்ட நம்பர் உங்க பேர்ல இருக்கு. இதெல்லாம் யார் வச்சிருக்காங்கன்னு சொல்லலைன்னா முதல் குற்றவாளி நீங்கதாம்மா" என்றார்.

எனக்கு இ.பி.கோ. பிரிவுகள்தான் ஞாபகம் வந்தன. ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் நானூற்றுப் பத்தொன்பது, மூன்று வருடம் வரை. ஏமாற்றிப் பணம் பறித்தால் நானூற்று இருபது, ஏழு வருடம் வரை. இரண்டையும் எத்தனையோ முறை அலட்சியமாக அடித்திருக்கிறேன். அந்த வரியில் அம்மாவின் பெயரை வைத்துப் பார்க்க முடியவில்லை. அன்று பூராவும் அம்மாவைத் திட்டித் தீர்த்தேன்.

யாரிடம் எந்த நம்பர் என்று அம்மாவுக்கு ஞாபகமே இல்லை. சந்துக்காரர்களைப் பற்றியும் எனக்கு நம்பிக்கை இல்லை. போலீஸ் என்றதும் சிம்மைக் கழற்றிக் கடலில் வீசியிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். மறுநாள் நானும் அம்மாவும் ஸ்டேஷனுக்குப் போனபோது, எங்களுக்கு முன்னாலேயே பெண்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி கைக்குழந்தையோடு, ஒருத்தி மீன்கூடையோடு. அடுத்தவர் பெயரில் சிம் வைத்திருந்தால் தங்களுக்கும் வம்பு வரும் என்று தெரிந்தேதான் வந்திருந்தார்கள்.

"சார், இது என்து. அக்கா ப்ரூஃப்ல வாங்கனது. அவங்கள ஒண்ணும் பண்ணாதீங்க" என்று மீன்கூடைக்காரி போனை மேஜைமேல் வைத்தாள். மற்றவர்களும் வைத்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு நம்பராக அடித்துப் பார்க்க, அவர் மேஜையில் அம்மன் பாட்டும் குத்துப் பாட்டும் மாறி மாறி ஒலித்தன. ஏட்டு சிரித்துவிட்டார். எனக்கோ அழுகை முட்டியது. எவ்வளவு மட்டமாக எடை போட்டிருந்தேன் இந்த மனிதர்களை!

ஒரே ஒரு நம்பருக்கு, அந்த மோசடி நம்பருக்கு மட்டும் அங்கே போன் இல்லை. எல்லோரும் சிம் வாங்கியது ஒரே கடை என்பதும் தெரிந்துபோனது. அன்று சாயங்காலமே கலர் வாங்கித் தந்த செல்கடைக்காரனைத் தூக்கினார்கள். அம்மாவின் ஜெராக்ஸை இன்னொரு பிரதி எடுத்து, தனக்கென்று ஒரு சிம் போட்டுக்கொண்டவன் அவன். அம்மா சாட்சியானாள்.

வழக்கு இழுத்துக்கொண்டு கிடந்தபோதே, அடுத்தவர் அடையாளத்தைத் திருடினால் மூன்று வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் புதுப் பிரிவு வந்தது. அதையும் அவன் தலையில் போட வேண்டும் என்று குதித்தேன். எங்கள் சீனியர், "செய்தப்போ இல்லாத சட்டத்துல தண்டிக்க முடியாதும்மா" என்றார். சட்டத்தின்மேலேயே கோபம் வந்தது.

விசாரணை நாளன்று அம்மா புதுப்புடவை கட்டிக்கொண்டு கோர்ட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆட்களைக் கூப்பிடும் டவாலி வாசலில் நின்று ஒரு பெயரைக் கூப்பிட்டார். பதில் இல்லை. இரண்டாம் முறை இன்னும் உரக்கக் கூப்பிட்டார். அம்மா வாசலைத் திரும்பிப் பார்த்தாள், யார் அந்தப் பொம்பளை என்கிற மாதிரி. மூன்றாம் முறைக்கு நான் இடித்தேன்.

"உன்னைத்தாம்மா."

"ஆங்? கீறேன் சார், இங்கதான் கீறேன்!"

எதிர்த்தரப்பு வக்கீல், "கேட்டவங்களுக்கெல்லாம் கார்டு குடுத்தீங்களே, அப்புறம் திருட்டுன்னு எப்படிச் சொல்றீங்க?" என்றார்.

"கேட்டவங்களுக்குக் குடுத்தேன் சார். இவன் கேக்கலியே. கேட்டிருந்தா இவனுக்கும் குடுத்திருப்பேன்" என்றாள் அம்மா. மாஜிஸ்திரேட் தலையைக் குனிந்துகொண்டார். சிரித்திருக்க வேண்டும்.

அவனுக்கு ஒரு வருடமும் அபராதமும் கிடைத்தது. தீர்ப்பன்று பஸ் ஸ்டாப்பில் நின்று, இது போதவே போதாது என்று நான் பொருமிக்கொண்டிருந்தேன். அம்மாவின் காதில் எதுவும் ஏறவில்லை.

"அந்த டவாலிக்காரரு எம் பேர இன்னா நல்லா கூப்ட்டாரு இல்ல?" என்றாள். "கண்ணாலம் கட்டிகினு வந்ததுலேர்ந்து எவன் கூப்ட்டான்? உங்கப்பா 'இந்தா'ம்பாரு. சந்துல அக்கா. உனுக்கு அம்மா. யாரையோ கூப்புடறாங்கன்னு உக்காந்துகினு கீறேன் பாரு."

என் பொருமல் நின்றுவிட்டது. அந்த நெடுஞ்சாலை லாரி இரைச்சலில், வாழ்க்கையில் முதல்முறையாக அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.

"அடிங்க! பெத்தவள பேர் சொல்றா பாரு" என்று என் தோளில் ஒன்று போட்டாள். பஸ் வருகிறதா என்று அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு திரும்பாமலே சொன்னாள்.

"இன்னொரு வாட்டி கூப்புடு."