பெயர் போடாத திருத்தம்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அதிலும் நான் சொல்வதுதான் சரி என்ற நினைப்பில் வரும் கோபம் இருக்கிறதே, அது எனக்கு ருசிக்கும். அந்த ருசிக்காக ஒருவரை என்ன பாடு படுத்தினேன் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மலேசியாவில், ஈப்போ நகரில் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கிளினிக்குகளும் கடைகளும் தங்கள் கோப்புகளைப் போட்டுவைக்கும் சேமிப்புப் பெட்டிகளைச் செய்கிறோம். அந்தப் பெட்டியின் அடியாழத்தில், கெர்னல் என்று நாங்கள் சொல்லும் பகுதியில், கோப்புகளை வட்டில் எழுதும் நிரல் என்னுடையது. நான் குடியிருக்கும் குனோங் ராபாட்டில் எதிர்வீட்டு அண்ணன் இன்னமும் என்னிடம் பிரிண்டரைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறார். நான் செய்வது யாருக்கும் விளங்காது என்பதில் எனக்கு உள்ளூரப் பெருமை உண்டு.

கோப்பை எழுதுமுன் நினைவகத்தில் இடம் கேட்க வேண்டும். கெர்னல் அதைப் பக்கம் பக்கமாகத்தான் கொடுக்கும். ஒரு பக்கத்தில் நாலாயிரத்துச் சொச்சம் எழுத்துகள் அடங்கும். ஆனால் அது புதுப் பக்கம் இல்லை. வேறொரு நிரல் சற்றுமுன் பயன்படுத்திவிட்டுப் போட்டது, பழைய எழுத்து அப்படியே கிடக்கும். நாம் எழுதாமல் விடும் இடத்தைத் துடைத்துவிட வேண்டும். எப்படியும் மேலே எழுதத்தானே போகிறோம் என்று நான் அந்தத் துடைக்கும் வரியை எடுத்துவிட்டேன். பெட்டியின் வேகம் கூடியது, மேலாளர் தோளைத் தட்டிக்கொடுத்தார். பக்கம் பாதிதான் நிரம்பினால் மீதியில் என்ன இருக்கும் என்று யோசிக்கவில்லை. யாரோ சாப்பிட்ட தட்டைக் கழுவாமல், ஓரத்தில் சோறு வைத்து அடுத்தவருக்கு நீட்டிய வேலை அது.

எங்கள் நிரல்களைச் சோதித்துப் பார்க்க ஓர் அக்கா இருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஒப்பந்த வேலை, அந்த மாதக் கடைசியில் நிரந்தரமாக்குவதாகப் பேச்சு. கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை, லீவு கிடைக்கவில்லை என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்வார். கோப்புகளில் சம்பந்தமில்லாத எழுத்து வருகிறது என்று இரண்டு முறை எனக்கு எழுதினார். உங்கள் சோதனை முறையைச் சரிபாருங்கள் என்று இரண்டு முறையும் ஒரே வரியில் பதில் போட்டேன்.

மூன்றாவது முறை வாராந்திரக் கூட்டத்திலேயே காட்டினார். நடுவில் வெற்றிடம் விட்டு எழுதும் சோதனைக் கோப்பு ஒன்றை அங்கேயே புதிதாக உருவாக்கி, பெரிய திரையில் திறந்து கீழே நகர்த்தினார். வெற்றிடம் இருக்க வேண்டிய இடத்தில் மலாய் மொழியில் நாலு வரி இருந்தது. கணவர் வீட்டை விட்டுப் போய் இரண்டு வருடமாகிறது, அம்மாவும் நானும் பழைய ரப்பர் எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கிறோம், அதையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், அரசாங்கத்தின் குறைந்த விலை வீடு ஒன்று தயவுசெய்து தர வேண்டும்.

அவருடைய கடிதம்தான். வீட்டில் கணினி இல்லாததால் சாப்பாட்டு நேரத்தில் அந்தச் சோதனைக் கணினியிலேயே அடித்திருக்கிறார். அறையில் எட்டுப் பேர் இருந்தோம். எல்லோருக்கும் மலாய் படிக்கத் தெரியும். அக்காவின் கை மவுஸ்மேல் அப்படியே நின்றுவிட்டது.

அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

"சொந்த லெட்டர டெஸ்ட் மெஷின்ல அடிச்சா இப்படித்தான் கலந்து போகும்க்கா. என் கோட் மேல பழிய போடாதீங்க."

அவர் கோப்பை மூடினார். மன்னிப்புக் கேட்டு அன்று மாலையே எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பினார். நிரந்தரமாக்கும் பேச்சை மேலாளர் அத்துடன் விட்டுவிட்டார்.

தப்பு அவருடையதுதான் என்று எழுத்தில் நிரூபித்துவிடலாம் என்று மறுநாள் காலை என் நிரலைத் திறந்தேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, நான் எடுத்துவிட்ட அந்த வரி இருக்க வேண்டிய இடம் கண்ணில் பட்டது. பக்கத்து மேசைக்காரர் பார்க்கிறாரா என்றுதான் முதலில் திரும்பினேன். எவ்வளவு கேவலம்.

வரியைத் திரும்பப் போட்டேன். எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு திருத்தத்தின் அடியிலும், பிழையைக் கண்டு சொன்னவர் இன்னார் என்று ஒரு வரி சேர்ப்போம். உலகம் முழுக்கக் கெர்னல் எழுதுபவர்கள் செய்வதுதான். அக்காவின் பெயரை அங்கே போட்டிருந்தால் மேலாளர் பார்த்திருப்பார்; பிழை யாருடையது என்று கேட்டிருப்பார். மாதம் முடிய இன்னும் ஆறு நாள் இருந்தது. நான் 'சிறு ஒழுங்குபடுத்தல்' என்று மட்டும் எழுதி அனுப்பினேன். அடியில் எந்தப் பெயரும் இல்லை.

அதைச் சோதிக்கும் வேலை அக்காவிடமே போனது. கடைசி நாளன்று, மேசையைக் காலி செய்துவிட்டு, கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு என்னிடம் வந்தார்.

"எல்லாத்தையும் ஓட்டிப் பாத்துட்டேன் தம்பி, இப்ப சுத்தமா இருக்கு," என்றார். "நான்தான் அன்னிக்கு அந்த லெட்டர அங்க அடிச்சிருக்கக் கூடாதுலா. உனக்கும் கெட்ட பேராப் போச்சு. மனசுல வச்சுக்காத."

நான் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கக்கூட இல்லை.

"பரவால்லக்கா," என்றேன். அவரை மன்னித்துவிட்டேன்.