எல்லாப் பாகமும் அசல், வண்டிதான் ஓடவில்லை

போன மாசியில் கூமாப்பட்டியில் ஒரு வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. காரணம் என்ன தெரியுமா? அதில் எல்லா உதிரிபாகங்களும் சரியாக இருந்தன.

கேலி செய்யவில்லை. நடந்ததைத்தான் சொல்கிறேன்.

மிலிட்டரி கருப்பசாமி என் நெடுநாள் நண்பர். ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் வெறும் ‘மிலிட்டரி’ என்றாலே போதும், வீட்டைக் காட்டிவிடுவார்கள். ராணுவம் கழித்த வண்டிகளை ஏலம் விட்டபோது அவருடைய அப்பா எடுத்த ஒரு ஜீப் பிக்கப் அவரிடம் இருக்கிறது. முன்பக்கம் ஜீப், பின்பக்கம் திறந்த தொட்டி. தேங்காய், மாங்காய், உர மூட்டை என்று எல்லாம் ஏறும். வருஷத்தில் ஒரு நாள் மட்டும் அதைக் கழுவி, மஞ்சள் பூசி, சாமிப் பெட்டியை ஏற்றுவார்கள்.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். இந்தப் பக்கத்தில் குலதெய்வத்தின் சேலையும் நகையும் வெள்ளி முகமும் ஒரு மரப்பெட்டிக்குள் பங்காளி வீட்டில் இருக்கும். மாசி சிவராத்திரி அன்று பெட்டி மலையடிவாரத்துக் கோயிலுக்குப் போகும். இவர்கள் வகையறாவில் இரண்டு கட்டுப்பாடு. வழியில் பெட்டி தரையில் இறங்கக் கூடாது. ஏறிய வண்டியை விட்டு வேறு வண்டிக்கு மாறவும் கூடாது. எந்த வண்டி பெட்டியைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறதோ, அந்த வண்டிக்காரருக்குத்தான் முதல் பரிவட்டம்.

இந்த வழக்கம் எப்போது தொடங்கியது? நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன். ‘அது ஆதியில இருந்தே அப்படித்தான்’ என்பார்கள். ஆதியில் ஜீப் ஏது என்று கேட்டால் முறைப்பார்கள்.

பரிவட்டம் என்றால் போட்டி இல்லாமலா? போட்டிக்கு ஆள் கான்சாபுரத்தில் இருந்தார். மிலிட்டரியின் பங்காளி, தம்பி முறை. போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்ற ராமையா. அவரிடமும் இதே மாதிரி ஒரு பழைய பிக்கப் உண்டு. ஆனால் ஓடாது. தோட்டத்து மோட்டார் ரூமுக்குப் பின்னால் நின்ற அதில் கோழிகள் குடியிருந்தன.

ஏட்டு சும்மா இருந்திருந்தால் இந்தக் கதையே கிடையாது. அதற்கு முந்தின சிவராத்திரியில் நாலு பேர் இருக்கும்போது வாயை விட்டார்.

“ஏண்ணே, பெட்டி கோயிலுக்குப் போகுதா, காயலான் கடைக்குப் போகுதா?”

கேட்டதில் தப்பில்லை என்பதுதான் வேதனை. அந்த வண்டியில் அதற்கே சொந்தமானது என்று என்ன இருந்தது? ரேடியேட்டர் ஒரு டிராக்டருடையது. கார்ப்பரேட்டர் எந்தக் காலத்திலோ செத்துப்போன ஒரு டாக்சியின் தானம். ஃபேன் பெல்ட் ராஜபாளையத்தில் ஒரு நூல்மில்லில் உழைத்து ஓய்வு பெற்றது. வண்டி கிளம்பினால் அது சீழ்க்கை அடிக்கும், மூணு தெருவுக்குக் கேட்கும். பெட்ரோல் பம்ப் என்ற ஒன்றே கிடையாது. டிரைவர் தலைக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் கேன், அதிலிருந்து ஒரு டியூப்... ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிற மாதிரி. கியர் தடியின் உச்சியில் கட்டில் குமிழ்.

ஆனால் ஓடியது. ஒரு சிவராத்திரிகூட நின்றதில்லை.

மிலிட்டரிக்கு அந்தக் கேள்வி தைத்துவிட்டது. என்னைத் தேடி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தார். எனக்குத் தேதிக் கிறுக்கு உண்டு என்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். கோயில் மணியானாலும் சரி, குத்துவிளக்கானாலும் சரி, எந்த வருஷத்தது என்று தெரியாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. பழைய வண்டிகளின் கையேடுகளும் கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கிறேன். வண்டிதான் ஓட்டத் தெரியாது.

“அண்ணாச்சி, பொறந்த அன்னிக்கு இது எப்படி இருந்துச்சோ அப்படியே ஆக்கிப்புடணும். எது சேரும், எது சேராதுன்னு நீங்க கையைக் காட்டுங்க. பொறவு நான் பாத்துக்கிடுதேன்.”

காட்டினேன். காட்டிய இடமெல்லாம் கழன்றது. இந்த விளக்கு பிற்காலத்தது என்றேன், விளக்கு போயிற்று. இந்த மூடி இந்த வருஷத்து வண்டிக்கு வராது என்றேன், மூடி போயிற்று. ஒரு மனிதனுக்கு இவ்வளவு அதிகாரம் கிடைக்கக் கூடாது.

வேலை நடந்த இடம் ராஜபாளையத்தில் காசிம் பாயின் ஷெட். பாய் பேச்சிலும் கை வேலையிலும் தாராளமானவர். “நம்ம ஊர்ல நாய்க்குத்தான் சார் வம்சம் கேப்பாங்க. வண்டிக்கு வம்சம் கேட்டு வந்த மொத ஆளு நீங்கதான்” என்று சிரித்தார். மாசிக்குள் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நிறுத்திவிடுவதாக வாக்குக் கொடுத்தார். கழற்றியதையெல்லாம் என்ன செய்ய என்று கேட்டதற்கு, தன் கண்ணில் படாமல் எங்கேயாவது தொலைத்துவிடச் சொன்னார் மிலிட்டரி. இந்த இடத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அசல் பாகங்களுக்கு வேட்டை தொடங்கியது. மதுரை, கோயம்புத்தூர், சென்னைப் புதுப்பேட்டை எல்லாம் மிலிட்டரி அலைந்து பார்த்தார். கிடைத்தது கொஞ்சம்தான். அதன் பிறகு தன்னுடைய வாட்ஸ்அப் குழுவைத் திறந்தார். கூட வேலை பார்த்தவர்கள், இப்போது நாடெங்கும் ஓய்வில் இருப்பவர்கள். ஜலந்தரிலிருந்து ஒரு சிங், ரேடியேட்டரை ரஜாயில், அதாவது பஞ்சு வைத்த போர்வையில், சுற்றி அனுப்பினார். புனேயிலிருந்து கார்ப்பரேட்டர். ஜபல்பூரிலிருந்து பெட்ரோல் பம்ப். பழைய ரெஜிமென்ட் முழுவதும் இந்த ஒரு வண்டிக்காக மறுபடி பணியில் சேர்ந்துவிட்டது போலிருந்தது.

வந்தது எதுவும் உட்காரவில்லை.

ஏன்? அசல் பாகங்களுக்கு இஞ்ச் கணக்கில் திருகு மரை. நம்முடைய வண்டியோ பல கை மாறி, துளைகளெல்லாம் அகலமாகி, மில்லிமீட்டர் போல்ட் போட்டு முறுக்கிய உடம்பு. அசலை மாட்டுவதற்கு இடமே இல்லாத அளவுக்கு அது மாறிப்போயிருந்தது. பாய் பழைய துளைகளை வெல்டு வைத்து அடைத்தார், புதிதாகத் துளைத்தார், புதிதாக மரை எடுத்தார். அசலாக்குவதற்காக எவ்வளவு புது வேலை! இதை அவரிடம் சொன்னபோது, “டீ சாப்பிடுங்க சார்” என்றார்.

சிவராத்திரிக்கு முன்பே வண்டி தயார். ராணுவப் பச்சை, வட்ட விளக்கு, கறுப்புக் குமிழ் வைத்த கியர் தடி. கையேட்டில் இருந்த படம் எழுந்து வந்து நின்ற மாதிரி இருந்தது. ஷெட்டிலிருந்து ஊர்வரை அது தானே ஓடிவந்தது. மிலிட்டரி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சிவராத்திரி மத்தியானம். பெட்டியைத் தோளில் எடுத்து வந்து தொட்டியில் ஏற்றிக் கட்டினார்கள். உறுமி முழங்கியது. மிலிட்டரி இஸ்திரி போட்ட சட்டையோடு ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

உறுமல் இல்லை. இருமல்தான் வந்தது. அப்புறம் அதுவும் இல்லை.

அடியில் பெட்ரோல் சொட்டியது. வழியனுப்ப வந்திருந்த பாய் மண்ணில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார். பம்புக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்துவிட்டதாம். அதற்கும் வண்டியின் வயசுதானே? அசல் என்றால் அதுதானே அர்த்தம்? புதுச் சவ்வு வேண்டுமானால் வெளியூரிலிருந்துதான் வர வேண்டும்.

நிலைமையை யோசித்துப் பாருங்கள். பெட்டி ஏறியாகிவிட்டது. தரையில் இறக்கக் கூடாது. வேறு வண்டிக்கு மாற்றக் கூடாது. இந்த வண்டியோ நகராது. பொழுது சாய்வதற்குள் பெட்டி கோயிலில் இருக்க வேண்டும். மிலிட்டரியின் சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டது.

பழைய கேனையாவது கட்டலாமே என்று நான் மெல்லச் சொன்னேன். அதுவரை அந்தக் கேனின் பெயரைச் சொன்னாலே முகம் சுளித்தவர், முதல் தடவையாகத் தலையாட்டினார். “பாய், அந்த கேன் எங்க?”

பாய் கையைத் துடைக்கிற சாக்கில் வேறு பக்கம் திரும்பினார். பதில் சொல்லவேண்டிய அவசியம் வரவில்லை. தூரத்தில் அந்தச் சீழ்க்கைச் சத்தம் கேட்டது.

தெருக்கோடியில் இருந்தவர்கள் அவசரமாகச் சூடத்தோடும் தேங்காயோடும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். பெட்டி வண்டி வந்துவிட்டது என்று நினைத்தார்கள். பல வருஷம் கேட்ட சத்தமாயிற்றே! வந்தது ஏட்டின் வண்டி.

டிராக்டர் ரேடியேட்டர், டாக்சி கார்ப்பரேட்டர், மில் பெல்ட், தலைக்கு மேலே கேன், கட்டில் குமிழ்... மிலிட்டரி தொலைக்கச் சொன்ன அத்தனையையும் பாய் கான்சாபுரத்தில் தொலைத்திருந்தார். ஏற்கெனவே ஒரு ஜீப்பில் உட்காருவதற்காக ராவி, வளைத்து, துளை போட்ட பாகங்கள். இன்னொரு ஜீப்பில் அப்படியே போய் உட்கார்ந்துகொண்டன. கோழிகள் இறங்கியதுதான் தாமதம், வண்டி ஓடிவிட்டது.

ஏட்டு இறங்கினார். சுற்றிப் பார்த்தார். போலீஸ் மூளை சும்மா இருக்குமா?

“பெட்டியை இதுல ஏத்துங்க. வண்டி மாத்துனதா ஆகாது. அந்த வண்டியில இருந்தது அம்புட்டும் இப்ப இதுலதான் இருக்கு. கணக்குப்படி இதுதான் பெட்டி வண்டி.”

“ஏலே, கூடு என்கிட்ட இருக்குலே” என்றார் மிலிட்டரி.

“கூட்டை வச்சு என்னண்ணே செய்ய? உசுரு இங்க இருக்கு.”

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. வயதான பூசாரிக்கு எது சரி என்று புரியவில்லை. என் பக்கம் திரும்பினார். அவிய படிச்சவிய, சொல்லட்டும் என்றார்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். சேஸிஸ் எண், பதிவு எண், ஏலத்தில் எடுத்த காலம் என்று தொடங்கினேன். நியாயமாகப் பார்த்தால் கூடுதான் வண்டி என்றேன். ஆனால் பெட்டியை இத்தனை வருஷம் சுமந்து சென்ற இயக்கம் எது என்று பார்த்தால்... இந்த இடத்தில் உறுமிக்காரர் கொட்டாவி விட்டார். நானும் நிறுத்திக்கொண்டேன்.

அப்போது மிலிட்டரியின் மனைவி பேச்சியம்மாள் ஆரத்தித் தட்டைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு முன்னால் வந்தார்.

“ஏன், ஸ்ரீவில்லிபுத்தூர்ல தேரு இஞ்சின் வச்சா ஓடுது? கயித்தைக் கட்டி இழுங்க.”

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஏட்டு உடனே, தன் வண்டியில் கட்டினால் தானே இழுத்துக்கொண்டு போவதாகச் சொன்னார்.

“போலீஸ்காரன் என் வண்டியைக் கட்டி இழுத்துட்டுப் போனா ஊரு என்னலே சொல்லும்? பறிமுதல்னு சொல்லும்” என்றார் மிலிட்டரி.

“கொழுந்தனாரே, நீங்க உறுமிக்காரவியளை ஏத்திக்கிட்டு முன்னால போங்க. சாமிக்கு முன்னால போறதும் மரியாதைதானே” என்றார் பேச்சியம்மாள்.

ஏட்டு யோசித்தார். முன்னால் என்ற சொல் அவருக்குப் பிடித்திருந்தது. “மதினி சொன்னா சரிதான்” என்று வண்டியில் ஏறினார்.

தேங்காய் லோடு கட்டுகிற லாரிக் கயிறு வந்தது. பங்காளிகள் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்தார்கள். முன்னால் சீழ்க்கை அடித்துக்கொண்டு பழைய பாகங்கள், பின்னால் சத்தமே இல்லாமல் அசல் வண்டி. மிலிட்டரி நிமிர்ந்து உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். குடியரசு தின அணிவகுப்பில் போகிறவர் மாதிரி. ஓடை இறக்கத்தில் வண்டி இழுத்தவர்களையே துரத்த ஆரம்பித்தபோது நாலைந்து பேர் கயிற்றைப் போட்டுவிட்டு வயலில் குதித்தார்கள். நல்லவேளை, பிரேக் பிடித்தது. அதுவும் அசல்தான், அதையும் சொல்ல வேண்டும்.

பொழுது சாய்வதற்குள் பெட்டி கோயிலில் இறங்கியது. பரிவட்டம் மிலிட்டரிக்கு. ஏட்டின் வண்டிக்கு ஒரு மாலை. இரண்டு பேருமே தாங்கள்தான் ஜெயித்ததாக இன்றுவரை நம்புகிறார்கள். இதைவிட நல்ல தீர்ப்பு உண்டா?

பிறகு சவ்வு வந்து சேர்ந்தது. இப்போது வண்டி ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகிறது. அடுத்த சிவராத்திரிக்குத் தானே ஓட்டிப் போவதாக மிலிட்டரி ஆசையோடு பூசாரியிடம் சொல்லியிருக்கிறார். பூசாரி பதறிவிட்டாராம். “பெட்டி ஏறுன பொறவு இஞ்சின் போடக் கூடாதுப்பா. வடம் பிடிக்கதுதான் மொறை.”

அத்தனை பாகமும் தேடி, அத்தனை மரையும் எடுத்து, ஓட வைத்த வண்டி... இனி அன்றைக்கு மட்டும் ஓடக் கூடாது.

போன வாரம் வத்திராயிருப்பில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒருவர், முன்பின் தெரியாதவர், வெளியூர்க்காரர் ஒருவருக்குக் கூமாப்பட்டியின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே ஒரு வகையறாவில் சாமிப் பெட்டியை வண்டியில் ஏற்றி வடம் பிடித்துத்தான் இழுப்பார்களாம். இஞ்சின் போடவே மாட்டார்களாம். அவருடைய தாத்தா காலத்திலிருந்து அப்படித்தானாம்.

என் கை தன்னால் பையில் இருந்த டைரியைத் தேடிப் போனது. அந்த வழக்கம் பிறந்த தேதி அதில் இருக்கிறது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

டைரியை எடுக்கவில்லை. வருஷம் பார்த்துச் சொல்லி ஒரு வண்டியை நிறுத்தியது போதும்.