பெரிய சிறகு

லிஃப்டுக்காரர் எதையும் ஒரு பிடி கூடுதலாகத்தான் வாங்குவார். ஆறு பேர் ஏறுகிற பெட்டியை அறுபது பேரைத் தாங்கும் கம்பிவடத்தில் தொங்கவிடுவது அவர் தொழில். ஒற்றைச் சட்டை மாட்ட அவர் அடித்த ஆணி பக்கத்து வீட்டுச் சுவரில் எட்டிப் பார்க்கும் என்று மனைவி கேலி செய்வாள். அவர் கைபட்ட பெட்டி எதுவும் இதுவரை விழுந்ததில்லை. விழுந்தவர் அவர்தான். நின்றுபோன லிஃப்டைப் பார்க்கப் படியேறியபோது கால் தவறி உருண்டார். மூன்று விலா எலும்புகள் முறிந்தன.

எலும்புகள் சேர்ந்துவிட்டன. ஆனால் அவர் தண்ணீருக்குள் போவது நின்றுபோனது.

கல் வெட்டி எடுத்த பழைய பள்ளத்தில் தேங்கிய ஏரி அது. விடுமுறை நாட்களில் கணவனும் மனைவியும் முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு அதில் இறங்குவார்கள். அவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவள். வாரமெல்லாம் விரல்நுனியைப் பார்த்தே களைத்த கண்களுக்கு அந்தப் பச்சை ஆழம் போதுமான ஓய்வு. ஆனால் அங்கே யாரும் தனியாக இறங்கக் கூடாது. அவளுக்குத் துணை அவர்தான்.

விழுந்து எழுந்தபின் ஒரே ஒரு முறை போனார்கள். மிதப்பதற்காக மாட்டும் ஜாக்கெட்டில் காற்றை நிரப்பியதும் அது விலாவைச் சுற்றி இறுக்கியது. மூச்சு நின்றதுபோல் இருந்தது. கரைக்கு ஓடி வந்துவிட்டார். அதன் பிறகு ஒவ்வொரு விடுமுறையிலும் தண்ணீர் குளிர்ந்திருந்தது, கலங்கியிருந்தது, அல்லது அவருக்கு வேலை இருந்தது. அவள் எதையும் குறுக்கே கேட்கவில்லை. அதனால் அவளுக்கு வருத்தமில்லை என்றே எடுத்துக்கொண்டார்.

ஒரு மாலை அவள் தன் அண்ணனிடம் போனில் பேசியது காதில் விழுந்தது. “என் டைவிங் செட்டை வித்துடுண்ணே. சும்மாதானே கிடக்கு.”

மறுநாளே அவர் அந்த மச்சானின் கடையில் நின்றார். முக்குளிப்புச் சாமான்கள் விற்கிற கடை.

“வாங்க மாப்ளே! ஒரு வருஷமா ஆளையே காணோம். படிக்கட்டு விடமாட்டேங்குதா?”

“முதல்ல உங்க வாய்க்கு ஒரு பூட்டு வாங்குங்க மச்சான். நெஞ்சைப் பிடிக்காததா ஏதாவது காட்டுங்க.”

மச்சான் விங் என்று ஒன்றை எடுத்துவந்தார். முதுகில் ஓர் எஃகுத் தகடு, தோளுக்கும் இடுப்புக்கும் வார்கள், தகட்டுக்குப் பின்னால் சிறகு போல ஒரு காற்றுப்பை. காற்று முழுக்க முதுகுப்பக்கம்தான். முன்பக்கம் வெறுமை. லிஃப்டுக்காரர் மாட்டிப் பார்த்தார். மூச்சை நிறைய இழுத்தார். விலாவை எதுவும் தொடவில்லை. தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

“இது எவ்வளவு தூக்கும்?”

“பதினாலு கிலோ. உங்க ஒத்தை சிலிண்டருக்குத் தாராளம்.”

“அதோ, அது?”

“இருபத்தஞ்சு. அது ரெண்டு சிலிண்டர் கட்டறவங்களுக்கு. நீங்க வாங்கினா சைக்கிளுக்கு லாரி டயர் மாட்டின கதைதான்.”

“கூட இருந்தா என்ன கெட்டுப்போச்சு?”

“சொன்னா கேக்கவா போறீங்க? கொண்டுபோங்க. நனைஞ்ச சாமானைத் திரும்ப எடுக்கிற வழக்கமில்லை. தங்கச்சி முகத்துக்காக எடுத்துக்கறேன்.”

தொங்கும் பொருளுக்குக் கூடுதல் வலு பாதுகாப்புதான். மிதக்கும் பொருளுக்கும் அதுவே சரியா என்று யோசிக்க அவருக்கு அதுவரை சந்தர்ப்பம் வந்ததில்லை. போதாக்குறைக்குப் பயம் வேறு. பயந்தவனின் கணக்கு கூட்டலைத் தவிர வேறொன்றும் அறியாது.

விடுமுறையன்று ஏரியில் இறங்கினார்கள். கால் எட்டாத இடத்துக்கு வந்ததும் அவர் வாயிலிருந்த மூச்சுக்குழாயை எடுத்துவிட்டு, பொத்தானை அழுத்திப் பையை நிரப்பினார். முதுகில் பொம்மென்று உப்பிய சிறகு அவரை முன்னால் தள்ளியது. முகம் தண்ணீரில் பட்டது. கை தன் பழக்கத்தைக் காட்டியது: இன்னும் கொஞ்சம் காற்று. முகம் இன்னும் கொஞ்சம் உள்ளே போனது. ஒரு மடக்கு தண்ணீர் குடித்தார்.

“காத்தை வெளியே விடுங்க!”

“விட்டா முழுகிடுவேன்!”

“மூஞ்சி ஏற்கெனவே முழுகித்தானே கிடக்கு!”

அவள் ஒரு கையால் அவர் தோள்வாரைப் பிடித்துக்கொண்டாள். மறு கையால் காற்றை வெளியேற்றும் குழலைத் தூக்கி அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

“நீங்களே அழுத்துங்க. நான் அழுத்த மாட்டேன்.”

“நீயே…”

“மாட்டேன்னா மாட்டேன். நாளைக்கும் நானா வந்து அழுத்துவேன்? நான் பிடிச்சிருக்கேன், அழுத்துங்க.”

அழுத்தினார். புஸ்ஸென்று காற்று போனது. அவர் முழுகவில்லை.

“இப்ப கட்டில்ல சாயற மாதிரி பின்னால சாயுங்க.”

சாய்ந்தார். மிச்சமிருந்த காற்று முதுகுக்கு அடியில் வந்து அவரைத் தாங்கியது. முகத்துக்கு மேலே வானம். மூச்சு தடையில்லாமல் வந்து போனது. அவரைத் தைரியசாலி என்று சொன்னால் அது பொய். கொஞ்சம் விட்டுக்கொடுத்தார், அவ்வளவுதான். பயந்தவர்களுக்கு அது லேசான வேலை இல்லை.

கரையேறியதும் அவள் காரின் பின்பக்கத்தைத் திறந்தாள். உள்ளே சின்ன விங்.

“அண்ணன் அன்னிக்கே போன் பண்ணிட்டாரு.”

“முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!”

“சொல்லியிருந்தா, இதைவிடப் பெருசு இருக்கான்னு கேட்டிருப்பீங்க.”

தகட்டிலிருந்து பெரியதைக் கழற்றிச் சின்னதைப் பொருத்தினார். திருகுகளை மட்டும் வழக்கம்போல ஒரு சுற்று கூடுதலாக முடுக்கினார். அவள் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தாள்.

மறுபடி நீர்ப்பரப்பில் மிதந்தபோது அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. முக்குளிப்புக் கண்ணாடியை வெகுநேரம் சரிசெய்துகொண்டிருந்தாள். திரும்பிவிடலாம் என்று தோன்றினால் அவர் கூச்சமில்லாமல் சொல்லட்டும் என்றுதானோ என்னவோ.

அவர் கட்டைவிரலைக் கீழ்நோக்கிக் காட்டினார். கரையில் அதற்கு வேறு அர்த்தம். தண்ணீரில், இறங்கலாம் என்று அர்த்தம்.

அவள் அந்த விரலையே பார்த்தாள்.

“சாயங்காலம் அண்ணனுக்கு ஒரு போன் போடணும், ஞாபகப்படுத்துங்க” என்றாள். “என் செட்டை விக்க வேண்டாம்னு சொல்லணும்.”

அவர் பதில் சொல்ல வாய் திறப்பதற்குள் அவள் மூச்சுக்குழாயைக் கவ்விக்கொண்டு இறங்கத் தொடங்கியிருந்தாள். அவர் குழலைத் தலைக்கு மேல் தூக்கினார். காற்றை விட்டார்.